காதலை அளந்த சங்கிலி

கணவனைப் புதைத்த அன்றைக்கே ஓர் இளம்பெண் இன்னொருவனுக்கு மனைவியாகிறாள். மேற்கே புதுக்காணி தேடிப் புறப்பட்ட கூண்டு வண்டிப் பயணம் பாதியில் நின்றுவிட்டது. வயிற்றில் பிள்ளை, கையில் காசில்லை, பனிக்காலம் நெருங்குகிறது. அந்தப் புல்வெளியில் வண்டிக்குள் படுத்துப் பனிக்காலத்தைத் தாண்ட யாராலும் முடியாது. மனைவியை இழந்த காணிக்காரன் ஒருவன் சின்னஞ்சிறு மகளோடு வந்து நிற்கிறான். அடக்கம் செய்ய வந்த போதகர் குதிரையேறிப் போய்விட்டால் அடுத்த வருகை எப்போதோ. என் பிள்ளைக்குத் தாயாக இரு. வசந்தம் வந்ததும் ஊருக்குத் திரும்ப விரும்பினால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ, வழிச்செலவு என்னுடையது என்கிறான் அவன். காதல் என்ற பேச்சே அங்கே எழவில்லை. அவளுக்குச் சமைக்கத் தெரிந்தது பேன்கேக் மட்டும். முதல் சில நாட்கள் வேளைக்கு வேளை அதையே சுட்டுப் போடுகிறாள். அவனும் முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறான்.

இது 1979இல் வெளிவந்த ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ என்ற நாவலின் தொடக்கம். எழுதியவர் ஜெனட் ஓக். கனடாவின் அல்பெர்ட்டா மாகாணத்தில் பிறந்தவர். கிறிஸ்தவப் புத்தகங்களை வெளியிடும் பெத்தனி ஹவுஸ் அதை அச்சிட்டது. லட்சக்கணக்கில் விற்றது. பின்னால் வந்த தொடர் நாவல்களும் அப்படியே. அமெரிக்க எல்லைப்புறம், விசுவாசம், காதல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பின்னும் ஒரு நாவல் வகையே அதிலிருந்து பெருகியது. 1991இல் பிரான்சின் ரிவர்ஸ் எழுதிய ‘ரிடீமிங் லவ்’ இந்த வகையின் இன்னொரு தூண். ஓசியா தீர்க்கதரிசியின் வேதாகமக் கதையை எடுத்து, 1850இன் கலிபோர்னியாத் தங்க வேட்டைக்குள் வைத்துச் சொன்ன நாவல் அது.

தமிழ் வீடுகளில் வளர்ந்தவருக்கு இந்தக் கதைகள் அந்நியமாக இருக்காது. முதலில் கல்யாணம், அப்புறம் அன்பு என்ற வரிசை நமக்குப் பழகியதுதான். ஓக்கின் நாவலில் என்னை நிறுத்தி வைத்தது வேறொரு கேள்வி. அந்தப் புல்வெளியில் கல்யாணங்கள் ஏன் இவ்வளவு அவசரமாக நடந்தன? நாவலாசிரியரின் கற்பனையா, அல்லது அந்த அவசரத்துக்கு வெளியே ஏதாவது காரணம் இருந்ததா? தேடிப்போனால் விடை ஒரு சட்டப் புத்தகத்தில் கிடைக்கிறது. அதே காலத்தில் இலங்கையில் நம்முடைய ஊவாவில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, மடுல்சீமையில் ஒரு கோப்பி இலையின் அடிப்புறத்தில் இன்னொரு விடை கிடைக்கிறது.

சட்டத்தை முதலில் பார்ப்போம். 1850 செப்டம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரேகன் பிரதேசத்துக்கு ஒரு காணிச் சட்டம் போட்டது. முன்பே வந்து குடியேறியிருந்த வெள்ளை ஆண், தனியாளாக இருந்தால் 320 ஏக்கர். மணமானவனாக இருந்தால் தம்பதிக்கு 640 ஏக்கர், அதில் பாதி மனைவியின் பெயரிலேயே. தனியாள் மணம் முடித்துக்கொள்ள 1851 டிசம்பர் 1 வரை தவணை. நினைத்துப் பாருங்கள்: ஒரு பெண்ணைக் கைப்பிடித்தால் 320 ஏக்கர் மேலதிகமாக வரும். பெண்களோ அந்தப் பிரதேசத்தில் மிகக் குறைவு. ஆண்கள் வண்டிப் பாதைகளில் போய் நின்று, வந்திறங்கும் குடும்பங்களில் மகள் இருக்கிறாளா என்று பார்த்தார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமிகளுக்குத் தாலி ஏறாத குறையாகக் கல்யாணங்கள் நடந்தன. நாவல்களில் பனிக்காலமும் தனிமையும் செய்கிற தரகு வேலையை, நிஜத்தில் முதலில் செய்தது ஏக்கர் கணக்கு.

பன்னிரண்டு வருடம் கழித்து வந்த சட்டம் இதற்கு நேர் எதிராக வேலை செய்தது. 1862 மே மாதம் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டப்படி, 21 வயது நிரம்பியவர் அல்லது குடும்பத் தலைவர் 160 ஏக்கர் எடுக்கலாம். ஐந்து வருடம் அங்கே குடியிருந்து, வீடு கட்டி, உழுது காட்டினால் பத்திரம் கையில். மணமாகாத பெண்ணும், விதவையும் தங்கள் சொந்தப் பெயரில் எடுக்கலாம்; புருஷனோடு இருக்கும் மனைவி எடுக்க முடியாது. ஆகவே பக்கத்துப் பக்கத்துக் காணிகளில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பினால் சிக்கல். மணமானதும் இரண்டு வீட்டில் தனித்தனியே குடியிருப்பதாகக் காட்ட முடியாது. பத்திரம் வரும்வரை கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. எல்லைக்கோட்டின் மேலேயே வீட்டைக் கட்டி, பாதி வீடு அவன் காணியிலும் பாதி வீடு அவள் காணியிலும் நிற்கும்படி செய்தவர்களும் உண்டு. எனக்குத் தெரிந்து இதைவிட அழகான காதல் காட்சியை எந்த எல்லைப்புற நாவலாசிரியரும் புனையவில்லை.

இந்த ஏக்கரை எப்படி அளந்தார்கள் என்பதும் ஓர் அதிசயம். 1620 வாக்கில் இங்கிலாந்தில் எட்மண்ட் கன்ட்டர் என்ற குருவானவர் இருந்தார். கணிதத்திலும் வானவியலிலும் பெரிய அறிஞர். நிலம் அளக்க அவர் ஒரு சங்கிலி செய்தார். நூறு கண்ணி, 66 அடி நீளம். சங்கிலியை 80 தடவை போட்டால் ஒரு மைல். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். சங்கிலியில் நாலில் ஒரு பங்கு, பதினாறரை அடி, ஒரு பேர்ச். ஆம், இன்றைக்கும் பதுளையிலும் பண்டாரவளையிலும் காணி விளம்பரத்தில் நாம் படிக்கிற பேர்ச், இந்த நீளத்தைப் பக்கமாகக் கொண்ட சதுரம். அமெரிக்காவின் அளவையாளர்கள் 1785இலிருந்து இந்தச் சங்கிலியைக் கொண்டுதான் நாட்டின் பெரும்பகுதியைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். ஒரு சதுர மைல் 640 ஏக்கர். அதில் காற்பங்கு 160 ஏக்கர். இலங்கையில் 1800இல் தொடங்கிய நில அளவைத் திணைக்களமும் அதே சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டுதான் மலையேறியது.

விலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அமெரிக்க அரசு பொதுக்காணியை விற்ற அடிப்படை விலை ஏக்கருக்கு ஒன்றேகால் டொலர். 1840 வாக்கில் இலங்கையில் முடிக்குரிய காணியின் விலை ஏக்கருக்கு ஐந்து ஷில்லிங். அன்றைய நாணய மாற்றில் ஐந்து ஷில்லிங் என்பது ஏறத்தாழ ஒன்றேகால் டொலர்தான். உலகின் இரண்டு முனைகளில், ஒரே சங்கிலியில், ஒரே விலையில் காடு விற்பனைக்கு வந்தது. அங்கே வாங்கியவர் கூண்டு வண்டிக் குடியானவர். இங்கே வாங்கியவர்கள் ஆளுநர், நீதிபதிகள், படை அதிகாரிகள், ஏன், குருமாரும்கூட. 1844இல் இங்கே விலை ஒரு பவுணாக ஏறியது. அதற்குள் மலையில் ஏராளமான காணிக்குக் கோடு போட்டாகிவிட்டது.

விற்கப்பட்ட நிலம் வெறும் நிலமா? எல்லைப்புற நாவல்களில் மேற்கு எப்போதும் ஆளில்லாத வெளியாகவே வரும். காற்று, புல், வானம், ஒரு மரக்குடில். அந்த வெறுமை ஒரு வேலையின் விளைவு. 1830இல் செவ்விந்தியரை அகற்றும் சட்டம் வந்தது. 1838இல் செரோக்கி மக்கள் படையின் காவலில் மேற்கே நடத்தப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே இறந்தார்கள். அந்தப் பாதையைத் தாங்கள் அழுத பாதை என்றே அவர்கள் சொல்கிறார்கள்.

நம் பக்கம் திரும்பினால், மடுல்சீமையின் கிழக்கு விளிம்பில் நின்று கீழே பார்க்கிறவருக்கு மொனராகலை மாவட்டத்தின் சமவெளி நீலப்புகை போல விரிந்து கிடக்கும். அதுதான் வெல்லஸ்ஸ. லட்சம் வயல் என்று சிங்களத்தில் பொருள். 1817இல் அங்கே தொடங்கிய கிளர்ச்சியை 1818இல் பிரிட்டிஷ் படை அடக்கியபோது வீடுகள் எரிந்தன, பயிர் அழிந்தது, கனிமரங்கள் வெட்டப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன. அந்த ஆண்டு நவம்பரில் கிளர்ச்சித் தலைவர் கெப்பெட்டிபொல திசாவைக்குச் சிரச்சேதம். வயலால் பெயர் பெற்ற நாடு காடாகியது. பிறகு 1840இல் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை என்றது. மலைச்சரிவில் சேனை செய்த சிங்களக் கிராமத்தவர் பலரிடம் எழுத்தில் எந்த உறுதியும் இருக்கவில்லை. சங்கிலிக்காரர் வந்தபோது அவர்கள் தங்கள் காட்டுக்குள்ளேயே அத்துமீறியவர்கள் ஆனார்கள்.

அமெரிக்க எல்லைப்புறத்துக்கும் தமிழுக்கும் நேரடி உறவு ஒன்றும் உண்டு. 1810இல் அமெரிக்காவில் தோன்றி, பொஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய அமெரிக்க மிஷன் சங்கம் ஒரு கையால் தன் ஆட்களை மேற்கே அனுப்பியது, மறுகையால் நம்மிடம் அனுப்பியது. 1816இல் தெல்லிப்பழையில் தொடங்கியவர்களும், 1817இல் செரோக்கி மக்களிடம் போய் பிரைனர்ட் மிஷனை அமைத்தவர்களும் ஒரே கருவூலத்தில் சம்பளம் வாங்கியவர்கள். 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலையைத் தொடங்கிய ஹேரியட் வின்ஸ்லோ அந்தச் சங்கத்தின் மிஷனரி ஒருவரின் மனைவி. அவருடைய கணவர் மிரன் வின்ஸ்லோவின் பெரிய தமிழ் - ஆங்கில அகராதி வெளிவந்தது 1862இல், ஹோம்ஸ்டெட் சட்டம் பிறந்த அதே ஆண்டு.

அந்தச் சங்கம் தனிப்பெண்ணை வனாந்தரத்துக்கு அனுப்பத் தயங்கியது. ஊழியத்துக்குப் போக ஆசைப்பட்ட நர்சிசா பிரென்டிஸ் என்ற நியூயோர்க் ஆசிரியைக்கு இது தடையாக நின்றது. மருத்துவரான மார்கஸ் விட்மனுக்கும் அவளுக்கும் பழக்கம் சொற்பம். 1836 பெப்ரவரி 18ஆம் தேதி கல்யாணம், மறுநாளே பயணம். அந்த ஜூலையில் ராக்கி மலைத்தொடரின் கணவாயைக் கடந்த முதல் வெள்ளைப் பெண்கள் நர்சிசாவும் அவளுடைய தோழி எலைசா ஸ்போல்டிங்கும்தான். ஒப்பந்தமாகத் தொடங்கிய கல்யாணம் வழியில் உண்மையான அன்பாக மாறியது என்பது அவள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் தெரிகிறது. ஜெனட் ஓக்கின் கதாநாயகிக்கு முன்னால் நடந்தவள் இவள்.

ஆனால் நர்சிசாவின் கதை நாவல் போல முடியவில்லை. அவளுடைய இரண்டு வயது மகள் ஆற்றில் மூழ்கிப் போனாள். 1847இல் குடியேற்ற வண்டிகளோடு சின்னமுத்து வந்தது. ஒரேகனில் விட்மன் தம்பதி ஊழியம் செய்த கேயூஸ் பழங்குடி மக்களின் உடல்கள் அந்தக் கிருமியை அதற்கு முன் சந்தித்ததே இல்லை. வெள்ளைக் குழந்தைகளில் பெரும்பாலோர் காய்ச்சலில் படுத்து எழும்பினார்கள், கேயூஸ் குழந்தைகள் இறந்தார்கள். ஒரே மருத்துவர், ஒரே மருந்து, சாவு மட்டும் ஒரு பக்கமாகக் குவிந்தது. நோயெதிர்ப்பு எப்படி வேலை செய்கிறது என்று அன்று எவருக்கும் தெரியாது. மருத்துவர் நஞ்சூட்டுகிறார் என்ற முடிவுக்கு அவர்கள் வந்ததில் அவர்கள் பார்வையில் தர்க்கம் இருந்தது. நவம்பர் 29இல் விட்மன் தம்பதியும் வேறு பலரும் கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்தி வாஷிங்டனை எட்டியதும் ஒரேகன் அவசரமாகப் பிரதேசமாக்கப்பட்டது. அடுத்து வந்ததுதான் நான் மேலே சொன்ன 1850ஆம் ஆண்டுக் காணிச் சட்டம். ஒரு கிருமியிலிருந்து ஒரு சட்டம், சட்டத்திலிருந்து ஆயிரக்கணக்கான கல்யாணங்கள்.

ஊவாவிலும் ஒரு நுண்ணுயிர்தான் குடும்பங்களை உண்டாக்கியது. இங்கே அது பூஞ்சை.

கோப்பிக் காலத்தில் மலைக்கு வந்த தமிழர்களில் பெருந்தொகையினர் ஆண்கள். தொண்டியிலோ ராமேஸ்வரத்திலோ கடல் கடந்து, மன்னார்க் காட்டுப் பாதையில் நடந்து, வாந்திபேதிக்குத் தப்பியவர்கள் மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து ஊவாவுக்கு இன்னும் பல நாள் நடை. கோப்பிப் பழம் ஒரு பருவத்தில் பழுக்கும். ஆகஸ்ட், செப்டம்பர் தொடங்கி சில மாதம் பறிப்பு. முடிந்ததும் கணிசமானோர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். போய்வரும் வாழ்க்கை. அதில் காதலுக்கும் கல்யாணத்துக்கும் இடம் ஊரில்தான் இருந்தது.

1869இல் அமெரிக்காவில் இரு கடல்களையும் இணைக்கும் ரயில் பாதை முடிந்தது. அதே ஆண்டில் மடுல்சீமையின் கோப்பித் தோட்டமொன்றில் இலைகளின் அடிப்புறத்தில் மஞ்சள் கலந்த செம்மண் நிறப் பொடி தென்பட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தவர் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி என்ற ஆங்கிலிக்கன் குருவானவர். இருபது வருடத்துக்கு முன், அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்தது பூஞ்சைதான் என்று துணிந்து சொன்னவர் இவர். அந்தப் பஞ்சத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஐரிஷ் மக்கள் எத்தனையோ லட்சம். இப்போது அதே கண்கள் மடுல்சீமை இலையைப் பார்த்தன. புதுப் பூஞ்சை. அதன் வித்து ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு. பாதி வழவழப்பு என்ற பொருளில் ஹெமிலேயா என்றும், பாழாக்குவது என்ற பொருளில் வாஸ்டாட்ரிக்ஸ் என்றும் பெயர் வைத்தார்கள். அந்த இரண்டாவது சொல் எவ்வளவு சரியானது என்பது பத்தே வருடத்தில் தெரிந்தது.

1880இல் வந்த ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆய்வாளர் அது வேலை செய்யும் விதத்தைக் கண்டுபிடித்தார். காற்று வித்தைக் கொண்டுவரும். இலையில் ஈரம் இருந்தால் வித்து முளைத்து, அடிப்புறத்தில் இலை மூச்சுவிடும் நுண்துளை வழியே உள்ளே நுழையும். சில வாரத்தில் அந்த ஒரு புள்ளி லட்சக்கணக்கில் வித்துகளை வெளியே தள்ளும். இலை உதிரும், இலை இல்லாத மரம் பழத்தைக் காய்க்க வைக்கும் வலுவின்றிப் பட்டினி கிடக்கும். மலை முழுக்க இடைவெளியில்லாமல் ஒரே மரத்தை நட்டுவைத்தால் காற்றுக்கு வேறென்ன வேண்டும்? காட்டை வெட்டிச் சுத்தமாக்கியவர்களே பூஞ்சைக்கும் பாதை வெட்டிக் கொடுத்திருந்தார்கள்.

கோப்பி செத்தது, தேயிலை வந்தது. இந்த மாற்றத்தை ஏற்றுமதிக் கணக்காக மட்டும் படிப்பது எனக்குப் போதவில்லை. தேயிலையின் உயிரியலைப் பாருங்கள். அதற்குப் பழம் தேவையில்லை, பருவமும் இல்லை. கவ்வாத்து வெட்டிய செடி ஏழெட்டு நாளுக்கொரு முறை புதுக்கொழுந்து விடும். இரண்டு இலையும் ஒரு மொட்டும், வருடம் முழுவதும், மழையிலும் வெயிலிலும். விட்டுவைத்தால் முற்றிவிடும். போய்வரும் ஆட்கள் இந்தச் செடிக்குச் சரிப்பட மாட்டார்கள். நிரந்தரமாக இருக்கிற கைகள் வேண்டும். அந்தக் கைகள் பெண்களின் கைகளாக இருந்தால் நல்லது, மலிவு என்று துரைமார் கண்டார்கள். அப்படித்தான் கங்காணிகள் குடும்பம் குடும்பமாக ஆள் கட்டத் தொடங்கினார்கள். மடுல்சீமை, பசறை, லுணுகலை, நமுனுகுலை, ஹப்புத்தளைத் தோட்டங்களில் தாய்மார், குமரிப்பிள்ளைகள், தாலி, தொட்டில், பிள்ளைக் காம்பரா எல்லாம் நிலைத்தது இதற்குப் பிறகுதான். ஊவாவில் தமிழ்க் காதலுக்கு ஊர் உண்டானதற்கு, ஒரு கோப்பி இலையில் விழுந்த செம்பொடி காரணம்.

விசுவாசம் அதற்கு முன்பே வந்திருந்தது. 1854இல் திருச்சபை மிஷன் சங்கத்தார் தோட்டத் தமிழர்களுக்கென ஒரு மிஷனைத் தொடங்கி, திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்களை வரவழைத்தார்கள். லயத்திலிருந்து லயத்துக்கு நடந்துபோய் ஜெபம் நடத்திய அந்த உபதேசியார், அமெரிக்கப் புல்வெளியில் குதிரையில் சுற்றிய போதகரின் தம்பிதான். வெஸ்லியன் மிஷனரியான சாமுவேல் லாங்டன் ஊவா ஊழியத்தைப் பற்றி 1890இல் லண்டனில் ஒரு நூலை வெளியிட்டார். தன் பள்ளத்தாக்குக்கு ‘மகிழ்ச்சிப் பள்ளத்தாக்கு’ என்றே பெயரிட்டிருந்தார். அதற்கு முன்பே ‘புஞ்சி நோனா’ என்று சிங்களக் கிராமப் பெண்களின் கல்வியைப் பற்றி ஒரு கதையும் எழுதியவர். எல்லைப்புறம், போதகர், குடும்பம் எல்லாம் ஊவாவில் இருந்தன. ஆனாலும் ஜெனட் ஓக் எழுதியது போன்ற கதை இங்கே விளையவில்லை.

ஏன் என்பதற்கு இரண்டு காகிதங்களை ஒப்பிட வேண்டும். அமெரிக்கக் குடியானவர் ஐந்து வருடம் உழைத்தபின் கையில் வாங்கியது காணிப் பத்திரம். தோட்டத்துத் தமிழர் பெயர் எழுதப்பட்டிருந்த காகிதம் துண்டு. கங்காணியும் அவருடைய ஆட்களும் இன்ன தொகை கடனைக் கட்டினால் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. துண்டு என்ற நம்முடைய சொல்லே ஆங்கில அரசாவணங்களிலும் அப்படியே ஏறிவிட்டது. வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் அந்தக் கடனில் சேரும். கல்யாணச் செலவும் சேரும். ஒருவன் மணம் முடித்தால் ஒரேகனில் அவன் காணி இரட்டித்தது. ஊவாவில் அவன் கடன் கூடியது. துண்டு முறையை ஒழிக்க 1921 வரை ஆனது.

அடுத்தது வீடு. அமெரிக்கப் புல்வெளியில் புதுக்காணிக்காரர் முதலில் கட்டிய மரக்குடில் பெரிய மாளிகை இல்லை. 12 அடிக்கு 14 அடி என்பது சாதாரண அளவு. லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. கிட்டத்தட்ட ஒரே அறைதான். ஆனால் அந்தக் குடிலின் கதவைத் திறந்தால் 160 ஏக்கர். காம்பராவின் கதவைத் திறந்தால் குறுகிய இஸ்தோப்பு. பக்கத்தில் இன்னொரு காம்பரா, முதுகுப்புறத்தில் இன்னொரு காம்பரா. பழைய லயங்களில் இடைச்சுவர் கூரை வரை எட்டாது. இருமல், அழுகை, கொஞ்சல் எல்லாம் ஒரு வரிசை முழுக்கக் கேட்கும். எல்லைப்புற நாவலில் இரண்டு பேர் பேசாமல் இருக்கும் காட்சிகளே அழகு: அடுப்பு எரிகிறது, வெளியே பனி, அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்துகிறான். அந்த மௌனத்துக்கு ஒரு தனியிடம் வேண்டும். பாட்டனும் பாட்டியும் பிள்ளைகளும் அடுத்தடுத்துப் படுத்திருக்கும் காம்பராவில் அந்தக் காட்சியை எந்த எழுத்தாளராலும் எழுத முடியாது.

அதை எழுத முடியாததையே எழுதியவர் தெளிவத்தை ஜோசப். 1934இல் ஹாலிஎலைப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்த கத்தோலிக்கர். பதுளைத் தோட்டம் ஒன்றின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் கடைசி வரை வைத்திருந்தார். அவருடைய ‘மீன்கள்’ என்ற சிறுகதை ஒற்றைக் காம்பராவுக்குள் வளர்ந்த பிள்ளைகளோடு படுக்க வேண்டிய தம்பதியின் நெருக்கடியைத் தொட்டது. ‘காலங்கள் சாவதில்லை’ என்ற நாவல் 1974இல் வந்தது. 2022இல் மறைந்தார். உலகம் முழுவதிலும் எல்லைப்புறம் பற்றி எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர்களின் வரிசையில் ஜெனட் ஓக்குக்கு எதிர்ப்பக்கம் வைக்க வேண்டிய பெயர் ஜோசப் என்பது என் துணிபு. ஓக்கின் பாத்திரங்களுக்குக் கதவுக்கு வெளியே நிலம் இருந்ததால் கதவுக்குள்ளே காதல் வளர்ந்தது. ஜோசப் கதவையே கேள்வியாக்கினார்.

யாழ்ப்பாணத்திலிருந்தும் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். 1914இல் ‘நொறுங்குண்ட இருதயம்’ எழுதிய மங்களநாயகம் தம்பையா. தலைப்பே 51ஆம் சங்கீதத்திலிருந்து வந்தது. கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணின் மணவாழ்வை ஒரு தமிழ்ப் பெண் நாவலாக எழுதியபோது ஜெனட் ஓக் பிறக்கவே இல்லை.

ஊவாவின் காதல்களுக்கு இன்னொரு காகிதமும் குறுக்கே வந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். குடும்பத் தலைவர் எந்த நாட்டுக்கு எழுதிப் போட்டாரோ, பிள்ளைகளும் அங்கேதான். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் வளர்ந்து, ஒரே மலையில் கொழுந்தெடுத்தவர்களில் ஒருத்திக்கு இந்தியக் கடவுச்சீட்டு, அவனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. பதுளையிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் தலைமன்னாருக்குப் போகிறவர்களை ஏற்றிய ரயிலுக்கு மலையக மக்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. ஸ்டேஷனில் அந்தக் கோச்சி கிளம்பும்போது மேடையிலும் பெட்டியிலும் ஒருசேர எழுந்த அழுகையே அந்தப் பெயர். செரோக்கி மக்களும் தங்கள் பாதைக்கு அழுகையை வைத்துத்தான் பெயரிட்டார்கள். இரு மக்களும் ஒருவரைப் பற்றி ஒருவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

எல்லைப்புறக் காதல் நாவல்களைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பெண் அன்றாடம் செய்யும் வேலைக்கு, அடுப்புக்கும் துவையலுக்கும் தையலுக்கும், இவ்வளவு மரியாதை கொடுக்கும் கதைகள் குறைவு. படிக்கும்போது அந்த மரக்குடிலைச் சுற்றியிருக்கும் காணி எத்தனை ஏக்கர், அதில் முன்பு யார் இருந்தார்கள் என்று மட்டும் பாருங்கள். மொனராகலையிலும் பசறையிலும் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் உங்களுக்குப் பாட்டிமார் இருந்தால், எப்படிக் கல்யாணம் நடந்தது, எந்தக் காம்பராவில் குடியேறினீர்கள், கோச்சியில் போனது யார் என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்த நாவல் இன்னும் எழுதப்படாமல் அவர்களிடமே இருக்கிறது.

2014 அக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்குப் பக்கத்து மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதற்குப் பிறகு வந்த தோட்ட வீடமைப்புத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்பது அளவாக வந்தது. கன்ட்டரின் கணக்கில் ஓர் ஏக்கர் 160 பேர்ச். லயத்துக் காம்பரா ஒன்று அரைப் பேர்ச்சுக்கும் குறைவு. 1862இல் ஹோம்ஸ்டெட் சட்டம் ஒரு குடியானவருக்கு அளந்து கொடுத்தது 25,600 பேர்ச்.